ஒரு டிரங்க் கால் நேரம்

பாட்டுக்காரியைப் பெற்றவளுக்குக் கவலையே இல்லை. திரை விலகியதிலிருந்து மங்களம் வரை அவள் பெண்தான் நடுவில். வயலின்காரப் பிள்ளையின் அம்மாவுக்கும் ராகத்துக்கு ராகம் ஒரு தடவை முகம் மலரும். கடம் வாசிக்கும் பெண்ணைப் பெற்றவளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. மிருதங்கக்காரர் கண்ணைக் காட்டினால் சேர்ந்துகொள்வாள். மறுபடி கண்ணைக் காட்டினால் நிறுத்துவாள். அழைப்பிதழில் பெயர் கடைசி வரியில். பத்திரிகைப் படத்தில் அநேகமாக மைக் கம்பத்துக்குப் பின்னால் பாதி முகம். தனி ஆவர்த்தனம் வந்தால்தான் அவளுக்கென்று ஒரு நேரம். மதியக் கச்சேரியில் அந்தத் தனியும் பத்து நிமிடத்தைத் தாண்டினால் அதிசயம். முதல் சுற்று மிருதங்கத்துக்கு, கடைசிக் கோர்வை இருவருக்கும் பொது. நடுவில் என் மகள் தனியாக வாசிப்பது, கூட்டிப் பார்த்தால், ஒரு டிரங்க் கால் நேரம்.

டிரங்க் கால் என்றால் மூன்று நிமிடம். இதை இப்போது விளக்க வேண்டியிருக்கிறது. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் தொலைபேசி நிலையத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. சாதா கால், அர்ஜென்ட் கால், லைட்னிங் கால் என்று மூன்று வகை. லைட்னிங்குக்கு சாதாவைப் போல எட்டு மடங்கு கட்டணம். எந்த வகையானாலும் கணக்கு மூன்று நிமிடத்துக்குத்தான். முடிந்ததும் ஆபரேட்டர் குறுக்கே வந்து, “மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?” என்று கேட்பாள். அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி, திருச்சி டிரங்க் போர்டில். ஒரே சமயத்தில் பல கார்டுகளைப் பார்த்துப் பார்த்து, கடிகாரம் இல்லாமலே மூன்று நிமிடம் எங்கள் உடம்பில் ஏறிவிட்டது. எஸ்.டி.டி. பரவி, போர்டுகளைக் கழற்றி, எங்களை வேறு பிரிவுகளுக்கு மாற்றி, இலாகாவே பி.எஸ்.என்.எல். ஆன பிறகும் அது இறங்கவில்லை.

மூன்று நிமிடத்தில் என்னவெல்லாம் சொல்லலாம் என்பதும் எங்களுக்குத் தெரியும். சாவுச் செய்தி, பிரசவச் செய்தி, கல்யாணத்துக்குச் சம்மதம், வேலை கிடைத்தது, பணம் அனுப்பு, எல்லாம் அதற்குள் அடங்கும். சிலர் முதல் நிமிடத்தை “ஹலோ, ஹலோ, கேக்குதா?” என்றே தீர்த்துவிடுவார்கள். அதனால் என் மகளுக்குக் கிடைக்கிற நேரம் குறைச்சல் என்று நான் புலம்புவதில்லை. அந்த நேரத்தில் யாராவது எழுந்து நடந்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

டிரங்க் போர்டில் ஒட்டிக்கொண்டவர்கள் நாங்கள் ஐந்து பேர். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருந்ததால் ஆபீசில் ஊரே பெயராகிவிட்டது. எல்லோருக்கும் மூத்தவர் உறையூர் அக்கா. ரயில்வே ஒர்க்‌ஷாப் குடியிருப்பிலிருந்து வருகிறவள் பொன்மலை. கோவில் பாடற்குழுவில் பாடுகிறவள் பாலக்கரை. அவளுக்குக் கோவில் என்றால் மாதா கோவில். ஸ்ரீரங்கத்து மாமிக்கு மட்டும் ஊரோடு உறவுமுறையும் சேர்ந்துகொண்டது, எங்களைவிட அவர் இரண்டு வயது சின்னவர் என்றாலும். நான் திருவெறும்பூர். இன்றைக்கும் போனில் “ஏ திருவெறும்பூரு, என்னடி பண்றே?” என்றுதான் ஆரம்பிக்கும். இரவுப் பணியில் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள். குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஒருவர் ஷிப்டை ஒருவர் மாற்றிக்கொண்டவர்கள். அப்போது ஊர் சுற்ற நேரமில்லை. அதையெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு ஈடுகட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் சங்கீதம் என்றால் திருச்சி வானொலிதான். என் அப்பா இரவுக் கச்சேரியைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார், நிறுத்தினால் விழித்துக்கொள்வார். மற்றபடி யாரும் பாடியதில்லை, வாசித்ததில்லை. மகனை மிருதங்க வகுப்பில் சேர்த்தது அவன் கை சும்மா இருக்காது என்பதற்காக. சின்னவள் போனது அண்ணனுக்குத் துணையாக. அவன் ஆறே மாதத்தில் கிரிக்கெட்டுக்கு ஓடிவிட்டான். இவள் மட்டும் போய்க்கொண்டிருந்தாள். வாத்தியார் வீட்டு மூலையில் ஒரு கடம் இருந்திருக்கிறது. மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் கை எட்டாத குழந்தைக்கு அதை மடியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, “அம்மா, அது திருப்பிப் பேசுது” என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உறவுக்காரர்களுக்கும் புரியவில்லை. பெண் பிள்ளை பானையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேடையில் உட்காருவதா என்று ஒரு பெரியம்மா கேட்டார். என் கணவர் பெல் நிறுவனத்தில் வால்வுப் பிரிவில் தரப் பரிசோதனை பார்த்தவர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார்: “அமெரிக்காவுல கிராமினு ஒரு பரிசு குடுக்கறாங்க. 1992-ல அதை வாங்கின இசைத்தட்டுல நம்மூர் விக்கு விநாயக்ராம் இந்தப் பானையைத்தான் வாசிச்சிருக்கார்.” இதை எங்கே படித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மாவிடம் கற்றுக்கொண்டு சுகன்யா ராம்கோபால் என்ற பெண்மணி எப்போதோ மேடை ஏறிவிட்டார் என்பதையும், பல கடங்களைச் சுற்றி வைத்துக்கொண்டு ‘கட தரங்கம்’ வாசிக்கிறார் என்பதையும் பிறகு மாமி மூலம் தெரிந்துகொண்டேன். அவருடைய கச்சேரிக்கு மகளை மாமிதான் அழைத்துப் போனார். திரும்பி வந்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கடத்தில் ஒரு சங்கடம் உண்டு. மிருதங்கத்தைத் தட்டித் தட்டி சுருதியை ஏற்றலாம், இறக்கலாம். கடம் சூளையிலிருந்து வரும்போதே அதற்கு ஒரு சுருதி அமைந்துவிடும். களிமண் ஒட்டியோ தண்ணீர் ஊற்றியோ இம்மி அளவு நகர்த்தலாம், அவ்வளவுதான். பாடுகிற ஆணுக்கு ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு. பெண்ணுக்கு ஐந்து, ஐந்தரை, ஆறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பானை வேண்டும். என் வீட்டுப் பரணில் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்புப் பக்கம்போலப் பானைகள் அடுக்கியிருக்கும். ஒரு தடவை ஐந்தரைக் கட்டைப் பானை விரிசல் விட்டது. அதற்கு மாற்று வாங்கத்தான் முதன்முதலாக நாங்கள் ஐந்து பேரும் மகளோடும் என் கணவரோடும் மானாமதுரைக்குக் கிளம்பினோம்.

காலை ராமேஸ்வரம் ரயில். பொன்மலை எலுமிச்சை சாதம், பாலக்கரை முட்டை, மாமி தயிர்சாதமும் மாவடுவும். மாமி முட்டையைப் பார்க்காத மாதிரி இருப்பார், பாலக்கரை மாவடுவில் பாதியைத் தீர்ப்பாள். ரயில் புதுக்கோட்டையில் நின்றபோது மகள் ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டாள். எந்தக் கோவில் என்று பார்த்தோம். கோவில் இல்லையாம். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையின் ஊர் அது. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் ஊர். அவரிடம் மிருதங்கம் கற்றுக்கொண்டு மேடையேறிய ரங்கநாயகி அம்மாள் பக்கத்தில் திருக்கோகர்ணத்துக்காரர். “அந்தக் காலத்துலயே பொம்பள மிருதங்கமா?” என்று உறையூர் அக்கா வாயைப் பிளந்தார். பிறகு அவரும் ஒரு கும்பிடு போட்டார். ரயில் அதற்குள் நகர்ந்துவிட்டது.

மானாமதுரையில் மண்பாண்டம் செய்கிறவர்கள் தெருவில் நுழைந்ததும் காதில் விழுவது தட்டும் சத்தம். சக்கரத்தில் வனைந்து எடுத்த பானை பாதி காய்ந்ததும் வேலை ஆரம்பிக்கிறது. உள்ளே ஒரு கையால் உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டுகிறார்கள். ஒரு நாளில் முடிகிற காரியமில்லை. காயவைத்து, மறுபடி தட்டி, மறுபடி காயவைத்து. சுவர் ஒரே கனத்துக்கு வர வேண்டும். எங்கே கனம் மாறினாலும் அங்கே நாதம் செத்துவிடும். கல்லைப் பிடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தது ஒரு பெண்மணி, எங்கள் வயதுதான் இருக்கும். தாளம் தப்பாத தட்டு. மகள் அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊர்க் கடம் எட்டுக் கிலோவுக்குக் குறையாது. சுவர் கனம், சத்தம் வெண்கலம் மாதிரி கணீரென்று வரும். சென்னையில் செய்வது இலேசு, வாசிக்க விரல் வலிக்காது. ஆனாலும் மகளுக்கு மானாமதுரைதான். 2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை ஏதோ தனக்கே பட்டம் கிடைத்த மாதிரி எங்கள் குழுவில் அனுப்பினாள்.

பானை பார்க்கும்போது என் கணவருக்கு வந்த உற்சாகத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. வார்ப்படத்தைத் தட்டி விரிசல் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். வரிசையாக வைத்திருந்த பானைகளைச் சுண்டிச் சுண்டி, “இது வேணாம், உள்ள ஏதோ இருக்கு” என்று ஒதுக்கினார். மகள் செல்போனில் சுருதி வைத்துக்கொண்டு தட்டிப் பார்த்தாள். கடைக்காரப் பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் உள்ளேயிருந்து ஒரு பானையை எடுத்து வந்தார். அப்பாவும் மகளும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். வேறெந்த விஷயத்திலும் இருவரும் ஒத்துப்போய் நான் கண்டதில்லை. திரும்பி வரும்போது பானைக்கு ஜன்னலோர இருக்கை. பொன்மலை நின்றுகொண்டு வந்தாள், அவளாகவே.

மகன் இப்போது ஓசூரில் தொழிற்சாலையில் இருக்கிறான். ஸ்பாஞ்சு ஒட்டி, சக்கரம் வைத்து, தங்கைக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தான். “நான் மிருதங்கத்த விட்டதாலதான் நீ வித்வான் ஆன” என்று வருஷத்துக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுவான். அவளும் மறுக்கமாட்டாள்.

எல்லாம் இப்படி இனிப்பாக நடந்துவிடவில்லை. ஒரு சபாவில் பெயர் அச்சாகிக் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். வாசிக்க வந்த மிருதங்கக்காரர் பெண் பக்கத்தில் உட்கார்ந்தால் வாசிக்கமாட்டாராம். செயலாளர் போனில் மெதுவாக இதைச் சொன்னார். மகள் “சரிங்க சார்” என்று வைத்துவிட்டுச் சாதகம் பண்ணப் போய்விட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை. பாலக்கரைக்குப் போன் செய்து நன்றாகத் திட்டித் தீர்த்தேன். அவள் கேட்டுவிட்டு, “வர்ற தை மாசம் எல்லாரும் திருவையாறு போவோம்” என்றாள். என்ன சம்பந்தம் என்று அப்போது விளங்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது விளங்கியது. வேனில் கல்லணை வழியாகப் போனோம், விடியும் முன்பே. காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி. பகுள பஞ்சமியன்று காலையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பாடுகிறார்கள். அங்கே ஆராதனை நடத்த இரண்டு கட்சிகள் போட்டி போட்ட காலத்தில் பெண்கள் பாட முடியாது. சமாதிக்கு நிலம் வாங்கித் தன் சொத்தை விற்றுக் கட்டிக் கொடுத்தவரே ஒரு பெண்தான், பெங்களூர் நாகரத்தினம்மாள். பாடவிடவில்லை என்றதும் பெண்களைத் திரட்டித் தனியாக ஒரு கச்சேரி வரிசையே நடத்தினார். அவருடைய சிலை சமாதியைப் பார்த்தபடி இருக்கிறது. பாலக்கரை அந்தச் சிலை முன்னால் என் மகளை நிறுத்தி, “இந்த அம்மா செயலாளருக்குப் போன் போட்டாங்களா?” என்று கேட்டாள். மகள் சிரித்ததில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று மகள் வாசித்தது பஞ்சரத்னக் கூட்டத்தின் நடுவில். எத்தனையோ மிருதங்கம், எத்தனையோ கடம், அதில் இவள் எங்கே என்று தலைகள் நடுவே தேடினேன். உறையூர் அக்கா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, “வலது பக்கம் மூணாவது நம்ம பானை” என்றார். வருஷக்கணக்கில் ஹெட்செட் போட்ட காதாம். நான் நம்பவில்லை, ஆனால் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது அசோகா அல்வா வாங்கினோம். வேன் திருக்காட்டுப்பள்ளி தாண்டுவதற்குள் காலி.

தாளம் போட மாமி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இப்படி ஒரு பயணத்தில்தான், சென்னைக்குப் போன மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. எட்டு. பொன்மலை உடனே பிடித்துக்கொண்டாள். எனக்கு வரவே வராது. திருப்புகிற இடத்தில் எண்ணிக்கை கையிலிருந்து வழுக்கிவிடும். இன்றுவரை அப்படித்தான். என் கணக்கு நிமிடக் கணக்கு.

சென்னையில் அது மார்கழி மாதம், மதியம் ஒன்றரை மணிக் கச்சேரி. டிக்கெட் இல்லாத கச்சேரி என்பதால் கூட்டம் சுமாராக இருந்தது, வெயிலுக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்து. பாடியது இளம்பெண். மிருதங்கம் ஒரு பெரியவர், எத்தனையோ பேருக்கு வாசித்த கை. ஒரு மணி நேரம் கழித்துப் பெரிய கீர்த்தனை முடியும் இடத்தில் பாடகி கையைக் காட்டினாள். தனி. சபாக்களில் இதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு: கேன்டீனுக்குப் போகலாம். அரங்கம் முழுக்க நாற்காலிகள் கிரீச்சிட்டன. எனக்கு முன்வரிசையில் ஒரு குடும்பமே எழுந்தது. மேடையில் பெரியவர் அதையெல்லாம் எத்தனை பார்த்திருப்பார்! தலை நிமிராமல் வாசித்தார்.

எங்கள் வரிசையின் உள்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்தார்கள். வெளியே போக எங்கள் ஐந்து ஜோடி முழங்கால்களைத் தாண்ட வேண்டும். பாலக்கரை தன் பெரிய கைப்பையை எடுத்து மடியிலிருந்து காலடிக்கு மாற்றினாள். பொன்மலை காலை நன்றாக நீட்டிக்கொண்டாள். “கொஞ்சம் வழி விடுங்கோ” என்றார் ஒருவர். உறையூர் அக்கா போர்டில் பேசும் அதே குரலில், “லைன் பிசியா இருக்கு சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க” என்றார். அவர் என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.

மிருதங்கம் முடித்து மகள் பக்கம் திரும்பியது. அவள் சத்தமாக ஆரம்பிக்கவில்லை. கழுத்தில் விரல் நுனியால் பொறுக்கிப் போட்ட மாதிரி சில சொற்கள், பிறகு வயிற்றில் ஒரு கனத்த தட்டு, பானையின் வாயை வயிற்றோடு அழுத்தி எடுத்ததும் கீழிருந்து ஒரு கும் என்ற ஒலி. நடந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பையன் வாசலில் நின்றான். பெரியவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரு இடத்தில் “பலே” என்றார். மைக்கில் அது விழவில்லை. உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பிறகு குறைப்பு. இவர் ஒரு ஆவர்த்தனம், அவள் ஒரு ஆவர்த்தனம்; இவர் பாதி, அவள் பாதி; அதிலும் பாதி; கடைசியில் யார் கேட்பது, யார் பதில் சொல்வது என்று பிரிக்க முடியாமல் போய் மோரா, கோர்வை. மூன்று தடவை சுற்றி வந்து பல்லவி எடுப்பில் உட்கார்ந்ததும், அதே மூச்சில் பாடகி வரியைப் பிடித்துக்கொண்டாள். மாமி கண்ணைத் துடைத்தார். என் கணவர் பக்கத்திலிருந்தவரிடம், “விரிசல் இல்லாத பானை” என்று தகவல் சொன்னார்.

என் மகளின் பங்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. நீட்டித்துக் கொடுத்தது அந்தப் பெரியவர்தான். தன் சுற்றில் ஒன்றை அவர் விட்டுக்கொடுத்தார் என்று இரவு மகள் சொன்னாள். அதன்பிறகு அவருடைய சிஷ்யை மாதிரியே ஆகிவிட்டாள். நாங்கள் கேன்டீனுக்குப் போனபோது அடையும் தீர்ந்து அவியலும் தீர்ந்திருந்தது. காபி மட்டும் கிடைத்தது.

போன மாதம் திருச்சியில் ஒரு கச்சேரிக்குப் போனோம். மகள் வாசிக்கவில்லை; அவள் பெங்களூரில் இருந்தாள். மாமிக்குப் பாடகரைப் பிடிக்கும், எங்களுக்கு அரங்கத்துக் குளிர்சாதனம் பிடிக்கும். கஞ்சிரா வாசித்தது மீசை அரும்பாத ஒரு பையன். தனி ஆரம்பித்ததும் வழக்கம்போல நாற்காலிகள் சத்தமிட்டன. எங்களுக்குப் பின்னால் இருவர் வீட்டுமனை விலை பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பொன்மலை திரும்பி ஒரு முறை பார்த்தாள். இரண்டாம் முறை திரும்பி, “சார், பையன் வாசிக்கிறான்ல?” என்றாள்.

“உங்களுக்கு வேண்டியவரா?” என்று கேட்டார் அதில் ஒருவர், கொஞ்சம் குத்தலாகத்தான்.

“ஆமா. எங்க வீட்டுப் பையன்” என்றாள் பொன்மலை, கண் இமைக்காமல். உறையூர் அக்கா உடனே, “பேரன் முறை” என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் வாயை மூடிக்கொண்டார். தனி முடிந்து நாங்கள் தட்டிய தட்டில் பையன் எங்கள் பக்கம் பார்த்தான். கச்சேரி முடிந்ததும் பாலக்கரை மேடைக்குப் பக்கத்தில் போய், உன் அம்மா வந்திருக்கிறாரா, எந்த வரிசை என்று அவனிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.